மேல்வீட்டுக்காரரின் மாத்திரை

அந்த வேலைத்தளத்தில் அவரை எல்லோரும் 'மேல்வீட்டுக்காரர்' என்றுதான் கூப்பிட்டார்கள். கட்டடம் எத்தனை மாடி எழும்பினாலும் அதற்கும் மேலே கிரேனின் கண்ணாடிக் கூண்டு இருக்கும். கூண்டுக்குள் அவர் இருப்பார். காலையில் ஏணி ஏறினால் வேலை முடிந்துதான் தரையை மிதிப்பார். சாப்பாட்டுப் பாத்திரமும் தண்ணீர் பாட்டிலும் அவரோடு மேலே போய்விடும். "வாடகை குடுக்காம இவ்வளவு உயரத்துல குடியிருக்குற ஒரே ஆள் நீங்கதான்" என்று கொத்தனார்கள் கிண்டல் செய்வார்கள். அதற்கும் சிரித்துக்கொள்வார்.

வாழ்க்கையைத் தொடங்கியது கம்பி கட்டும் ஆளாகத்தான். குனிந்து குனிந்து இடுப்பு ஒடிந்துபோன ஒரு நாளில், கிரேனுக்கு கிரீஸ் அடிக்க ஆள் வேண்டும் என்றார்கள். மற்றவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டுப் பின்வாங்கினார்கள். இவர் போனார். பாதி ஏணியில் கால் உதறும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். இவருக்கு எதுவும் உதறவில்லை. உச்சியில் காற்று மட்டும்தான் இருந்தது. அதட்டும் குரல் ஒன்றுகூட அங்கே வந்து சேரவில்லை. இதுதான் நம் இடம் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார். ஓட்டக் கற்றுக்கொண்டு, உரிமம் வாங்கி, அதிலேயே தலை நரைத்தது.

கீழே இருக்கும்போது நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத மனிதர், மேலே ஏறி வாக்கி டாக்கியைக் கையில் எடுத்துவிட்டால் வாய் ஓயாது. செய்தி வாசிப்பவரைப்போல் பேசுவார். எஞ்சினியரின் மூக்கடைத்த குரலில் உத்தரவு போடுவார். வாயில் பஞ்சை அடைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி பல் டாக்டரிடம் மாட்டிக்கொண்டவன் வேஷம் ஒன்று உண்டு, அதற்குக் கீழே நிற்கிறவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். அந்தக் கூத்தையெல்லாம் முதலில் கேட்பது அவர் மனைவியின் தம்பி. அவன்தான் கீழே நின்று கொடி காட்டுகிற சிக்னல்காரன். சுமை எங்கே இறங்க வேண்டும், எப்போது நிற்க வேண்டும், யார் தலைக்கு மேல் போகக் கூடாது என்று அவன் சொல்ல, இவர் கைப்பிடியை நகர்த்துவார். அவன் குரலுக்கும் இவர் கைக்கும் நடுவில் யோசனை என்று ஒன்றே கிடையாது.

கிரேன் ஓட்டுபவர்களுக்கு ஆண்டுதோறும் உடல் பரிசோதனை உண்டு. அந்த ஆண்டு, கையில் பட்டையைக் கட்டிக் காற்றடித்த நர்ஸ் ஒரு தடவை பார்த்துவிட்டு, மறு தடவையும் பார்த்துவிட்டு, பேசாமல் எழுந்து போய் டாக்டரைக் கூட்டி வந்தாள்.

"தலைவலி, தலைச்சுத்தல் ஏதும் இல்லையா?" என்றார் டாக்டர்.

"ஒண்ணுமில்ல சார். மாடி ஏறினா கொஞ்சம் மூச்சு வாங்குது. வயசாச்சுல்ல."

"இந்த பிரஷரோட உங்கள மேல ஏத்த முடியாது."

அந்த ஒரு வாக்கியத்தில் அவருக்குக் காலடியில் பூமி நழுவியது. இத்தனை வருடம் உயரத்தில் உட்கார்ந்தபோது ஒரு நாளும் அப்படி நழுவியதில்லை.

இதய டாக்டரிடம் அனுப்பினார்கள். ஜெல்லைத் தடவி நெஞ்சின் மேல் கருவியை உருட்டிப் பார்த்தவர், இதயத்தின் சுவர் தடித்துவிட்டது, இப்படியே விட்டால் அது களைத்துப்போய்விடும் என்று சொல்லி ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். சின்ன, வெளிர் சிவப்பு மாத்திரை. "இது பிரஷரையும் இறக்கும், இதயத்தையும் தாங்கும். ஒரு நாள்கூட விடக் கூடாது" என்றார். சொன்னபடியே சில வாரங்களில் அழுத்தம் இறங்கியது. மூச்சு வாங்குவதும் குறைந்தது. கம்பெனி அவரை மறுபடியும் மேலே ஏற்றிவிட்டது.

அன்றிலிருந்து அந்த மாத்திரைக்கு வீட்டில் தனி மரியாதை. அவர் மனைவி ஆயத்த ஆடைக் கம்பெனியில் தையல் பிசிறு பார்க்கும் வேலையில் இருந்தவள். ஒரு நூல் பிரிந்திருந்தாலும் கண்ணில் பட்டுவிடும். மாத்திரைப் பொறுப்பை அவளே எடுத்துக்கொண்டாள். காலையில் அவர் பல் விளக்கி வந்ததும் உள்ளங்கையில் மாத்திரையை வைப்பாள், தண்ணீரை நீட்டுவாள், விழுங்கும்வரை எதிரிலேயே நிற்பாள்.

"வாயத் திறங்க."

"முழுங்கிட்டேன்டி."

"நாக்கத் தூக்குங்க."

மகளுக்குக் கல்யாணமாகித் தொலைவில் போய்விட்ட பிறகு, அந்த வீட்டில் அவளுக்கு அதட்ட வேறு ஆளும் இல்லை.

முதலில் வந்தது இருமல். சளி கிடையாது, காய்ச்சல் கிடையாது. தொண்டையின் அடியில் யாரோ இறகால் வருடுகிற மாதிரி ஓர் அரிப்பு, அதைத் தொடர்ந்து வறண்ட இருமல். பேசினால் வரும், படுத்தால் வரும். சிமெண்ட் தூசி என்றார்கள். அவர் இருப்பதோ தூசியே எட்டாத இடத்தில் என்பதை யாரும் யோசிக்கவில்லை, அவரும் யோசிக்கவில்லை. மருந்துக் கடையில் சிரப் வாங்கிக் குடித்தார். பாட்டில்தான் காலியானது, இருமல் அப்படியே இருந்தது. நாளடைவில் அதுவும் வீட்டுச் சத்தங்களில் ஒன்றாகிவிட்டது.

பிறகு ஒரு காலையில் எழுந்து கண்ணாடியைப் பார்த்தால் மேலுதட்டின் ஒரு பக்கம் பலூன்போல் உப்பியிருந்தது. வலியில்லை. அரிப்பில்லை. தொட்டால் வேறு யாருடைய உதட்டையோ தொடுகிற மாதிரி இருந்தது.

மனைவி சிரித்துவிட்டாள். "யார்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டீங்க?"

"எறும்பு கடிச்சிருக்கும்."

"எறும்புக்கு வேற இடமே கெடைக்கலையா?" என்று சொல்லிக்கொண்டே, வழக்கம்போல் உள்ளங்கையில் மாத்திரையை வைத்தாள். அவர் உப்பிய உதட்டைச் சற்றுத் தூக்கிவிட்டு விழுங்கினார். மறுநாள் வீக்கம் போன இடம் தெரியவில்லை.

இரண்டாம் தடவை வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. கீழுதடும் கன்னமும் சேர்ந்து வீங்கி, ஒரு கண் பாதி மூடிவிட்டது. தெருமுனைக் கிளினிக்கில் கூட்டம் நெரிந்தது. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். "அலர்ஜி. என்ன சாப்பிட்டீங்க?" முந்தைய நாள் மீன் சாப்பிட்டதாக மனைவி சொன்னாள். மீன்தான் என்று முடிவாகிவிட்டது. அலர்ஜி மாத்திரை கொடுத்தார், ஊசி போட்டார். வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை. சாப்பாட்டைப் பற்றிக் கேட்கிறவரிடம் மாத்திரையைப் பற்றி எதற்குச் சொல்வது என்று இவர்களும் சொல்லவில்லை.

அன்றோடு வீட்டில் ஒரு வேட்டை தொடங்கியது. முதலில் மீன் போயிற்று. பிறகு முட்டை. பற்பசையை மாற்றினாள், சோப்பை மாற்றினாள். தலைக்குச் சாயம் பூசுவதை நிறுத்தினாள். ஒரே மாதத்தில் அவர் தலை வெளுத்து, தளத்தில் புதிதாக வந்த ஆட்கள் அவரைப் பெரியவரே என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். மகள் அனுப்பிய கம்பளிப் போர்வை பரணுக்குப் போயிற்று. பக்கத்து வீட்டுப் பூனையை வாசற்படி ஏறவிடாமல் விரட்டி, அந்த வீட்டுக்காரியோடு வாய்ச்சண்டையும் ஆயிற்று. வீட்டிலுள்ள ஒவ்வொரு பொருளையும் அவள் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்தாள், ஒன்றைத் தவிர. அது தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில், ஒரு கிண்ணத்துக்குள், வெள்ளித்தாள் உறையில் இருந்தது. அவரைக் காப்பாற்றுகிற பொருள் என்று அதற்கு அவள் வைத்திருந்த இடம் அது.

நடுவில் ஒருநாள் மூன்றாவதாக ஒன்று நடந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. வேலைக்குக் கிளம்புகிற நேரம். செருப்பை மாட்டக் குனிந்தபோது நாக்கு வாய்க்குள் இடம் போதாமல் கிடப்பதுபோல் தோன்றியது. விரலை விட்டுப் பார்த்தார். ஓர் ஓரம் தடித்திருந்தது. வாயைத் திறந்தால் மனைவி கூட்டிக்கொண்டு கிளினிக்குக்கு ஓடுவாள், விஷயம் கம்பெனிக்குப் போகும், மறுபடி அந்த வாக்கியம் வரும் - உங்கள மேல ஏத்த முடியாது. பேசாமல் தலையை மட்டும் ஆட்டிவிட்டுத் தெருவில் இறங்கினார். அன்று முழுக்க வாக்கி டாக்கியில் கூத்தில்லை. "சரி", "சரி" என்பதோடு நிறுத்திக்கொண்டார். மாலைக்குள் நாக்கு பழையபடி ஆகிவிட்டது. பார்த்தாயா, ஒன்றுமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆனால் அன்றிலிருந்து காலையில் கண் விழித்ததும் முதல் காரியமாக நாக்கால் பற்களை ஒரு சுற்றுத் தடவிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

அந்தக் கவலையிலோ என்னவோ, அடுத்த பரிசோதனையில் அழுத்தம் சற்று ஏறியிருந்தது. வீக்கத்தைப் பற்றி அவர் அங்கே சொல்லவில்லை; டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டினார்.

அது காற்று அதிகமில்லாத, வெயிலும் மூட்டமுமான ஒரு முற்பகல். கம்பிக் கட்டு ஒன்றைத் தூக்கி மேல்தளத்துக்குக் கொண்டுபோக வேண்டும். கொக்கி மாட்டி, தூக்கி, கையை வீசுகிற மாதிரி கிரேனின் நீண்ட கரத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். கம்பிக் கட்டு, பாதி எழும்பிய சுவர்களுக்கு மேல் மெதுவாக மிதந்து போனது. கீழே பலகை அடிக்கிற ஆட்கள், கலவை சுமக்கிற பெண்கள்.

உதடு கனத்தது. எச்சிலை விழுங்கினார், அது பாதியில் நின்று பிறகு இறங்கியது.

"மாமா, அப்படியே வலப்பக்கம். கொஞ்சம் கொஞ்சம்... நில்லுங்க" என்றது மைத்துனன் குரல்.

நிறுத்தினார். "ஷரி" என்றார்.

கீழே அவன் சிரித்தான். "பல் டாக்டர்கிட்ட மாட்டிக்கிட்டீங்களா? இப்ப வேணாம் மாமா, எஞ்சினியர் பக்கத்துல நிக்கிறாரு."

"இல்லழா..." என்று தொடங்கினார். மீதி வரவில்லை. நாக்கு அவருடையதாக இல்லை. அது பற்களுக்கு வெளியே வரப் பார்த்தது. ஈரத்துணியைத் திணித்தாற்போல் வாய் நிறைந்துகொண்டே போனது. மூக்கால் மூச்சிழுத்தார். தொண்டைக்குள் மெல்லிய விசில் சத்தம் கேட்டது. அது தன்னிடமிருந்துதான் வருகிறது என்று புரிய ஒரு கணம் பிடித்தது.

அவர் நினைத்த முதல் விஷயம் ஏணி அல்ல. கண்ணாடிக்கு வெளியே தொங்குகிற கம்பிக் கட்டு. தான் மயங்கி விழுந்தால் கை எங்கே படும், கைப்பிடி எந்தப் பக்கம் சாயும் என்று தெரியாது. அதற்குக் கீழே ஆட்கள்.

ஹாரனை அழுத்தினார். விட்டுவிட்டு அழுத்தினார். தளம் முழுக்கத் தலைகள் நிமிர்ந்தன.

"மாமா? என்னாச்சு? பேசுங்க."

வாக்கி டாக்கியை வாயருகே வைத்தார். அதில் போனது அந்த விசில் சத்தம் மட்டும்தான்.

மைத்துனன் அந்தச் சத்தத்தைப் பிறகு பலரிடம் சொல்லியிருக்கிறான்; சொல்லும்போதெல்லாம் தன் கழுத்தைத் தானே பிடித்துக்கொள்வான். ஆனால் அந்த நேரத்தில் அவன் கத்தவில்லை. எல்லோரையும் விலகச் சொல்லிக் கையை வீசினான். பிறகு, குழந்தையிடம் பேசுகிறவன்போல் பேசினான்.

"சரி. நீங்க பேச வேணாம். கேக்குதுன்னா ஒரு ஹாரன். ஆங், சரி. இப்ப எறக்கிடலாம். இடப்பக்கம் வாங்க. இன்னும். இன்னும். ஆள் யாரும் இல்ல, பயப்படாதீங்க. நில்லுங்க. எறக்குங்க. எறக்குங்க மாமா. மெதுவா... மெதுவா... தொட்டுடுச்சு."

கம்பிக் கட்டு மண்ணில் உட்கார்ந்தது. அவர் கைப்பிடியை விட்டார், மோட்டாரை அணைத்தார், கதவைத் திறந்தார்.

அந்த ஏணியை ஆயிரக்கணக்கான தடவை இறங்கியிருப்பார். அன்று ஒவ்வொரு படியிலும் நின்று காற்றைத் தேட வேண்டியிருந்தது. கண் ஓரங்களில் இருட்டு கட்டியது. பாதி இறங்குவதற்குள் கீழிருந்து காலடிச் சத்தம் ஏறி வந்தது. மைத்துனன், கையில் ஒரு கயிற்றோடு. அவர் முகத்தைப் பார்த்ததும் ஒரு நொடி அவன் ஏணியிலேயே உறைந்துவிட்டான். வாய்க்கு வெளியே நாக்கு. உதடு இரண்டும் கருநீலம். கயிற்றை அவர் இடுப்பைச் சுற்றித் தன்னோடு கட்டிக்கொண்டு, "என் தோள்ல மிதிச்சு எறங்குங்க, ஒண்ணும் யோசிக்காதீங்க" என்றான். அப்படித்தான் இறங்கினார்கள். தரைக்கு வந்ததும் அவர் அப்படியே சரிந்தார். சிமெண்ட் ஏற்றி வந்த வேனில் போட்டுக்கொண்டு பறந்தார்கள்.

ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் ஒரு பெண் டாக்டர் இருந்தார். ஒரே ஒரு தடவை பார்த்தார். கத்தரி, குழாய், ஆள் என்று வரிசையாகக் கேட்டார். ஊசிமேல் ஊசி போட்டார்கள். வீக்கம் அசையவில்லை. மூக்கு வழியாகக் குழாயை விட்டுப் பார்த்தார்கள், போக இடமில்லை.

"என்ன மாத்திரை சாப்பிடுறார்?" டாக்டர் திரும்பாமலே கேட்டார்.

"பிரஷர் மாத்திரை."

"பேரு?"

மைத்துனனுக்குத் தெரியவில்லை. போனை எடுத்து அக்காவை அழைத்தான். இரண்டு தடவை வேறு யாருக்கோ போனது.

"அக்கா, மாமா சாப்பிடுற மாத்திரை அட்டைய எடு. அதுல என்ன எழுதியிருக்குன்னு படி."

"ஏன்? என்னாச்சுடா அவருக்கு?"

"படிக்கா முதல்ல!"

அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். அவன் ஒவ்வொரு எழுத்தாக உரக்கச் சொன்னான். பெயர் முழுதாக முடிவதற்குள் டாக்டரின் முகம் மாறியது. "நெனச்சேன்" என்றார். கத்தியை எடுத்தார்.

போனில் அக்காவின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. "இன்னைக்குக் காலையிலகூட நான்தான்டா கையில வச்சேன். முழுங்கிட்டாருடா. நான் பாத்தேன்டா. முழுங்கிட்டாரு."

கழுத்தின் முன்புறத்தில் கீறி, வழி உண்டாக்கி, குழாய் வைத்துதான் அவருக்கு உயிரைத் திருப்பித் தந்தார்கள். மூன்றாம் நாள் வீக்கம் வடிந்தது. கண் விழித்தபோது பேச்சு வரவில்லை. காற்று கழுத்தின் வழியாகப் போய்விட்டது. சுவரோரம் மனைவி நின்றுகொண்டிருந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி காலியாகத்தான் இருந்தது. அவள் அதில் உட்காரவில்லை.

அந்தப் பெண் டாக்டர் அவளிடம் பொறுமையாக விளக்கினார்.

"நம்ம உடம்புல ஒரு நொதி இருக்கும்மா. ரத்தக் குழாய இறுக்குறதுக்கு அது ஒத்தாசை பண்ணும். இந்த மாத்திரை அந்த நொதிய அடக்கி வைக்கும். குழாய் தளரும், பிரஷர் எறங்கும். ஆனா அதே நொதிக்கு இன்னொரு வேலையும் உண்டு. உடம்புல வீக்கத்த உண்டாக்குற ஒரு பொருள அது அப்பப்பச் சிதைச்சு வெளியேத்தும். நொதிய அடக்கினா அந்தப் பொருள் தேங்கிடும். பலருக்கு வெறும் இருமலோட போயிடும். அபூர்வமா ஒருத்தருக்கு இப்படி."

"ஒரு வருஷத்துக்கு மேல சாப்பிட்டாரே டாக்டர். அப்பல்லாம் ஒத்துக்கிச்சே."

"முதல் மாத்திரையிலயும் வரலாம், வருஷக்கணக்குல சாப்பிட்ட பிறகும் வரலாம். முன்னாடி உதடு வீங்கியிருக்குமே?"

அவள் தலையாட்டினாள்.

"அதுதான் எச்சரிக்கை. அலர்ஜின்னா அரிக்கும், தோல்ல தடிப்பு தடிப்பா வரும். இது அரிக்காது. அதனாலதான் ஏமாத்திடுது."

"அப்ப இது விஷமா டாக்டர்?"

"இல்லம்மா. நல்ல மாத்திரை. எத்தனையோ பேரு இதயத்த இதுதான் ஓட வச்சிட்டிருக்கு. உங்க வீட்டுக்காரருக்கு ஆகாது, அவ்வளவுதான். இந்தக் குடும்பத்து மருந்து எதையும் இனி அவர் தொடவே கூடாது. நிறுத்தின பிறகும் சில வாரத்துக்கு லேசா வீக்கம் எட்டிப் பாக்கலாம். பாத்துக்கிட்டே இருங்க."

பார்த்துக்கொண்டே இருங்கள் என்று சொல்லியிருக்க வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்த பிறகு அவள் வேறு எதையும் பார்க்கவில்லை. அவர் சாப்பிடும்போது வாயைப் பார்த்தாள், தூங்கும்போது கழுத்தைப் பார்த்தாள். வேறு வகை மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதை அவள் கையால் தொட மாட்டேன் என்றுவிட்டாள். அவரே எழுந்து போய் எடுத்துக்கொள்வார். அந்த நேரம் அவள் கொல்லைப்புறம் போய்விடுவாள்.

கழுத்து ஆறிப் பேச்சு வந்தபோது குரல் கரகரத்துப் போயிருந்தது. வந்த குரலில் அவர் முதலில் சொன்னது, "உன் தப்பு ஒண்ணுமில்ல" என்பதுதான்.

"ஆறுதல் சொல்லாதீங்க."

"டாக்டர் எழுதினாரு, நீ குடுத்த. அது இல்லன்னா பிரஷர்ல எப்பவோ போயிருப்பேன்."

அவள் அவர் கழுத்துத் தழும்பைப் பார்த்தாள். "உதடு ரெண்டு தடவ வீங்கிச்சு. நேரா தொண்டைக்கா போகும்? நடுவுல ஒண்ணுமே இல்லையா?"

அவர் சுவரைப் பார்த்தார்.

"இருந்துச்சு. எனக்குத் தெரியும்" என்றாள். "ஒரு நாள் பேசாமயே வாசல்ல எறங்கிப் போனீங்க. கோவம்னு நெனச்சுக்கிட்டேன். என்ன கோவமா இருக்கும்னு அன்னைக்குப் பூரா மண்டையப் பிச்சுக்கிட்டேன்." அந்த வீட்டில் அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது. ஆனால் முடிந்துவிட்டது என்று இரண்டு பேரும் நம்பவில்லை.

டாக்டர் சொன்ன சில வாரங்களுக்குள் வீக்கம் ஒரே ஒருமுறை எட்டிப் பார்த்தது. இமையோரத்தில், ஒரு கடலை அளவுக்கு. இருவரும் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு பெஞ்சில் மதியம் முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது பெரிதாகவும் இல்லை, வேறெங்கும் போகவும் இல்லை. வடிந்துவிட்டது. பிறகு வரவேயில்லை. இருமலும் எப்போது நின்றது என்றே தெரியாமல் நின்றுபோயிருந்தது. புது மாத்திரை அழுத்தத்தைப் பிடித்து வைத்தது. பல மாதம் கழித்து, பல பேர் கையெழுத்துப் போட்ட பிறகு, அவர் மறுபடி மேலே ஏறினார். வேஷங்கள் மட்டும் போடுவதில்லை. கரகரத்த குரலில் எல்லோருடைய பேச்சும் ஒன்றுபோலத்தான் இருக்கும் என்று காரணம் சொல்வார்.

இதெல்லாம் ஓய்ந்துவிட்டது என்று நினைத்திருந்த வேளையில்தான் மைத்துனன் ஒரு மாலை தயங்கித் தயங்கி வீட்டுக்கு வந்தான். அவனுக்குச் சர்க்கரை இருப்பது முன்பே தெரியும். இப்போது பிரஷரும் சேர்ந்துகொண்டதாம், சிறுநீரில் ஏதோ கசிகிறதாம். டாக்டர் ஒரு மாத்திரை எழுதியிருக்கிறார். சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தான். வேறு பெயர், வேறு நிறம்.

"அதே குடும்பம்தான்" என்றான். "மாமாவுக்கு நடந்ததச் சொன்னேன். உங்களுக்கும் அவருக்கும் ரத்த சம்பந்தம் இல்லையே, உங்க கிட்னியக் காப்பாத்த இதவிட நல்லது இல்லன்னுட்டாரு. உதடு கொஞ்சம் தடிச்சாலும் உடனே நிறுத்திட்டு ஓடி வரணுமாம்."

"தூக்கிப் போடுடா அத!" அக்கா அந்த அட்டையைத் தொடாமலே கத்தினாள். "ஒருத்தர எமன் வாயிலேர்ந்து இழுத்துட்டு வந்தது போதாதா? வேற மருந்தே இல்லையா உலகத்துல?"

அவன் மாமாவைப் பார்த்தான். அவன் முகம், ஏணியில் பாதி வழியில் எதிர்ப்பட்ட அதே முகம்.

அவர் அட்டையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மனைவி தன்னைப் பார்ப்பது தெரிந்தது. இதைத் தூக்கிப் போடு என்று சொல்வது எவ்வளவு சுலபம். சொன்னால், நாளைக்கு இவன் சிறுநீரகம் கெட்டால், அதற்கும் தானே பொறுப்பு. சாப்பிடு என்றால் அதைவிட மோசமான ஒன்றுக்குப் பொறுப்பு.

"வேற மருந்து உண்டான்னு இன்னொரு தடவ கேளு" என்றார் கடைசியில். "இதுதான் நல்லதுன்னு திரும்பவும் சொன்னா சாப்பிடு. ஆனா எதையும் மறைக்காத. வேலை போனாலும் பரவாயில்ல, மறைக்காத."

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். பல வாரம் தம்பியோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

டாக்டர் திரும்பவும் அதையேதான் சொன்னார். அவன் சாப்பிட்டான். அவனுக்கு ஒத்துக்கொண்டது, இன்றுவரை ஒரு தும்மல்கூட இல்லை. சிறுநீர்க் கசிவும் குறைந்திருக்கிறது என்கிறான். அக்காவின் கோபமும் தணிந்து, இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருகிறான்.

போன ஞாயிறு அப்படித்தான் வந்திருந்தான். மூவரும் தேநீரோடு உட்கார்ந்திருந்தார்கள். தளத்தில் எஞ்சினியர் வழுக்கிச் சேற்றில் விழுந்த கதையைச் சொல்லிக்கொண்டே அவன் ஒரு வாய் குடித்தான். சட்டென்று முகத்தைச் சுளித்து வாயைப் பொத்திக்கொண்டான். "ஸ்ஸ்... நாக்கு..."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்துவிட்டார்கள். அவர் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அவள் கையிலிருந்த குவளை தரையில் உருண்டு தேநீர் ஓடியது.

"சுட்டுடுச்சுக்கா!" அவன் சிரித்தான். "டீ சூடு. அவ்வளவுதான்."

யாரும் கூடச் சிரிக்கவில்லை. அவன் சிரிப்பும் மெல்ல அடங்கியது. அவள் அவன் தாடையைப் பிடித்து ஜன்னல் பக்கம், வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"வாயத் திற" என்றாள். "நாக்க நீட்டு. நல்லா நீட்டு."

அவன் நீட்டினான். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.